கஜானாவின் கதை – 17: கின்ஷாசாவுக்கு வந்த கணக்கர்

1978 ஆகஸ்டில் எர்வின் ப்ளூமென்தால் என்ற ஜெர்மானியர் கின்ஷாசாவில் வந்து இறங்கினார். மேற்கு ஜெர்மனியின் மத்திய வங்கியில் பெரிய பதவி வகித்தவர். ஆப்பிரிக்கா அவருக்குப் புதிதல்ல. 1963-லேயே தங்கனிக்கா அரசுக்காக அதன் நாணய ஏற்பாடு பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்தவர். இந்த முறை அவரை அனுப்பியது சர்வதேச நாணய நிதியம். ஜாயிர் நாட்டின் மத்திய வங்கியில் உட்கார்ந்து, அந்நியச் செலாவணி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. கடன் கொடுத்தவர்கள் கல்லாவில் தங்கள் ஆளையே உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒரு வருடம்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வந்த சில மாதங்களில், நாட்டின் முக்கியமான ஐம்பது தொழிலதிபர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இனிமேல் வங்கிக் கடன் கிடையாது என்று உத்தரவு போட்டார். பட்டியலில் அதிபரின் உறவினரும் இருந்தார். சிப்பாய்கள் துப்பாக்கியோடு அவர் அலுவலகத்துக்குள் நுழைந்து, தங்கள் ஜெனரலுக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கணக்குகளைப் புரட்டியபோது, அரசாங்கத்தின் பணம் எது, அதிபரின் சொந்தப் பணம் எது என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அப்படி ஒரு பிரிவினையே அங்கே இருக்கவில்லை. 1979-ன் நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். 1982-ல் அவர் எழுதிய ரகசிய அறிக்கையின் சாரம் இதுதான்: இந்த நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பி வராது. வரவே வராது. அறிக்கை கசிந்து, பத்திரிகைகளில் வெளிவந்தது. கடன் நின்றதா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சென்ற இதழில், இந்தியாவில் ஊழலை ஆராய்ந்த சந்தானம் குழுவின் 1964 அறிக்கையைப் பார்த்தோம். லைசென்ஸ், பெர்மிட், கோப்பை நகர்த்தக் கொடுக்கும் காசு என்று அந்தக் குழு வரிசைப்படுத்திய எல்லாமே, வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அரசாங்கத்துக்குள் நடப்பவை. கோப்பு என்று ஒன்று இருந்தது. அது நகர்ந்தால் எங்கோ ஒரு மூலையில் சிமெண்டோ சர்க்கரையோ கிடைத்தது. ஜாயிரில் நாம் பார்க்கப்போவது வேறு. அங்கே ஊழல் அரசாங்கத்தில் விழுந்த ஓட்டையல்ல, அரசாங்கம் நடந்ததே அதன் மேல்தான். அதிபர் மொபுட்டு பேராசைக்காரர் என்பதோடு நிறுத்திக்கொண்டால் இது விளங்காது. பேராசைக்காரர்கள் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கர்கள் என்றாலே இப்படித்தான் என்பவர்களுக்குப் பதில் சொல்ல, கதையை ஓர் ஐரோப்பியரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பெல்ஜியத்தின் அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு, பின்னாளில் ஜாயிர் என்று பெயர் மாறிய காங்கோ 1885-ல் சொந்தமானது. பெல்ஜியம் என்ற நாட்டுக்கு அல்ல, லியோபோல்ட் என்ற தனி மனிதருக்கு. பெல்ஜியத்தைப் போல எழுபத்தைந்து மடங்குக்கு மேல் பெரிய நிலப்பரப்பு. அவர் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை. யானைத் தந்தம், பிறகு காட்டு ரப்பர். ரப்பர் பால் எடுத்துவர ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் அளவு நிர்ணயித்தார்கள்; அளவு குறைந்தால் பெண்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். செலவான தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கையைக் கொண்டுவரும் வழக்கம் உலகத்துக்குத் தெரியவந்தது ரோஜர் கேஸ்மென்ட்டின் 1904 அறிக்கையாலும் மோரெல் நடத்திய இயக்கத்தாலும். இந்தக் கொடுமைகள் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றும் உண்டு. லியோபோல்டின் அதிகாரிகளுக்குச் சம்பளம் சொற்பம். அவர்கள் அனுப்பிய ரப்பருக்கும் தந்தத்துக்கும் ஏற்பக் கமிஷன் உண்டு. அதாவது அந்த மண்ணில் நவீன அரசாங்கம் என்ற பெயரில் முதலில் வந்து நின்ற ஆளே கமிஷனுக்கு வேலை செய்தவன். அவனுடைய எஜமானர், ஒரு பெரிய நிலப்பகுதியை அரசருக்கான தனிப் பண்ணையாக எழுதிவைத்துக்கொண்டவர். அதன் வருமானத்தில் பிரஸ்ஸல்ஸிலும் ஓஸ்டெண்டிலும் கட்டடங்கள் எழுந்தன.

தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று நம் ஊரில் சொல்வார்கள். அதில் தேன் ஊருக்கு, புறங்கை எடுத்தவனுக்கு என்ற ஒப்பந்தம் இருக்கிறது. காங்கோவில் ஊருக்குப் புறங்கைகூட மிச்சமில்லை.

1908-ல் உலகத்தின் ஏச்சுத் தாங்காமல் பெல்ஜிய அரசு காங்கோவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கடன்களை ஏற்றது, முடியாமல் கிடந்த அவருடைய கட்டட வேலைகளுக்குப் பணம் ஒதுக்கியது, அதற்கு மேல் காங்கோவுக்காக அவர் செய்த தியாகங்களுக்கு நன்றியாக ஐந்து கோடி பிராங்கும் தருவதாகச் சொன்னது. அந்த ஐந்து கோடியும் காங்கோவிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. திருடனுக்குக் கொடுத்த நஷ்டஈட்டைப் பறிகொடுத்தவனே கட்டிய கதை வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

பெல்ஜியர்களின் ஐம்பது ஆண்டுகளில் வெட்டிய கைகள் இல்லை. ரயில், ஆஸ்பத்திரி, தொடக்கப்பள்ளி எல்லாம் வந்தன. கட்டாயப் பருத்திச் சாகுபடியும் வந்தது. கடாங்கா மாகாணத்தில் செம்பு கொழித்தது. யூனியன் மினியேர் என்ற கம்பெனி அதை வெட்டி எடுத்தது. ஆனால் ஆட்சி செய்யும் வித்தை மட்டும் உள்ளூர்க்காரர் யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. பள்ளி உண்டு, கல்லூரி இல்லை. லோவானியம் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1954-ல்தான். 1960-ல் நாடு விடுதலை அடைந்தபோது பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. அரசாங்கத்தின் உயர் நிர்வாகப் பதவிகள் சுமார் ஐயாயிரம். அதில் காங்கோக்காரர்கள் மூன்று பேர். ராணுவத்தில் உள்ளூர் அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது. சார்ஜென்ட் மேஜர் என்பதுதான் எட்டக்கூடிய உச்சம். அந்த உச்சத்தை எட்டிய ஒருவர் பிறகு ராணுவத்தை விட்டுப் பத்திரிகை நிருபரானார். பெயர் ஜோசப் டெசிரே மொபுட்டு.

1960 ஜூன் 30 விடுதலை. ஜூலை 5 ராணுவக் கலகம். விடுதலைக்கு முன் எப்படியோ விடுதலைக்குப் பின்னும் அப்படியே என்று பெல்ஜியத் தளபதி ஜான்சன்ஸ் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அந்த வாக்கியமே திரியைப் பற்றவைத்தது. ஜூலை 11 கடாங்கா பிரிந்துபோனது. வெள்ளை அதிகாரிகள் கும்பல் கும்பலாக விமானம் ஏறினார்கள். நேற்றுவரை கடிதம் தட்டச்சு செய்த எழுத்தர், காலையில் வந்து பார்த்தால் இலாகாவின் இயக்குநர். நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. பெல்ஜிய அதிகாரியின் வீடு, கார், சம்பளம் எல்லாம் நாற்காலியோடு சேர்ந்தவை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதற்குச் சில நாட்கள் முன்னால்தான் பிரஸ்ஸல்ஸில் ஒரு காரியம் நடந்திருந்தது. யூனியன் மினியேரில் காங்கோ அரசுக்குப் பெரும் பிடிமானம் தந்துவந்த கடாங்கா சிறப்புக் குழுவைப் பெல்ஜியம் கலைத்துவிட்டது. புதிய அரசின் கைக்குச் சாவி போவதற்குள் அலமாரியை மாற்றிவிட்டார்கள்.

லுமும்பாவின் கதையை இந்தத் தொடரில் விரிவாகச் சொல்ல இடமில்லை. பிரதமரான அவர் சோவியத் உதவி கேட்டார், அமெரிக்கா பதறியது, 1960 செப்டம்பர் 14 அன்று, ராணுவத் தலைமைப் பொறுப்பிலிருந்த மொபுட்டு ஆட்சியைச் செயலிழக்கச் செய்தார். ஐ.நா.வின் பிரதிநிதியாக அங்கிருந்த இந்தியர் ராஜேஷ்வர் தயாள் அந்த ஏற்பாட்டைச் சட்டபூர்வமானதாக ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டே அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1961 ஜனவரி 17 அன்று லுமும்பா கடாங்காவில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1965 நவம்பர் 24 அன்று மொபுட்டு முழுதாகவே ஆட்சியைப் பிடித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் விடவில்லை.

முப்பத்தைந்து வயதில் நாற்காலியில் உட்கார்ந்த அந்த மனிதரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் நாடு இரண்டு மூன்றாக உடைந்து ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு தலைவர், அவருக்கென்று ஓர் இனக்கூட்டம். ராணுவம் சம்பளம் தாமதமானால் கலகம் செய்யும் ராணுவம். கட்சி இல்லை, கட்டுப்பாடான அதிகார வர்க்கம் இல்லை, தேர்தலில் வாங்கிய ஆணை இல்லை. மக்களிடம் வரி வசூலித்து ஆட்சி நடத்தும் பழக்கமும் இல்லை. பணம் சுரங்கத்திலிருந்து வந்தது. வரி கொடுக்காதவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லாமல் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நிலைத்து நிற்க இரண்டு கருவிகள்தான். பயம், பணம்.

பயத்தை முதலில் காட்டினார். 1966 ஜூனில் சதிக் குற்றம் சாட்டி நான்கு முன்னாள் அமைச்சர்களை, கூடியிருந்த பெருங்கூட்டத்தின் எதிரில் தூக்கிலிட்டார். அதன் பிறகு பணம். தூக்குமரத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. 1967-ல் யூனியன் மினியேர் நாட்டுடைமையானது. பின்னாளில் ஜெக்காமின் என்று பெயர் பெற்றது. செம்பு, கோபால்ட் வருமானத்தின் குழாய் நேராக அதிபரின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. செம்பை விற்பதற்கென்று தனியாக இன்னொரு நிறுவனம். வெளிநாட்டில் விற்ற பணம் வெளிநாட்டிலேயே தங்குவதற்கு வசதி.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பதுக்கினார் என்று நினைக்கிறார்கள். பதுக்கியது உண்டு. பிரான்சின் தென்கடற்கரையில் மாளிகை, சுவிட்சர்லாந்தில் பங்களா, சொந்த ஊர்ப்பக்கம் காட்டுக்கு நடுவில் பாடோலிட்டே அரண்மனைகள், கான்கார்ட் விமானம் இறங்கும் அளவுக்கு நீண்ட ஓடுதளம். ஆனால் பெரும்பகுதியை அவர் பங்கு போட்டார். அமைச்சர், ஆளுநர், ஜெனரல், தூதர், பழைய எதிரி, பழைய எதிரியின் மைத்துனர் என்று எல்லோருக்கும் பங்கு. பங்கு வாங்கியவன் நாளை எதிர்த்துப் பேசினால், அவனை ஊழல் வழக்கில் உள்ளே தள்ளலாம். குற்றச்சாட்டு பொய்யாகவும் இருக்காது. யாரையும் ஒரே பதவியில் நீண்டநாள் விட்டுவைக்கமாட்டார். அதனால் பதவிக்கு வந்தவன் முதல்நாளே கணக்குப் போடுவான்: இருக்கப்போவது எத்தனை மாதமோ, அதற்குள் வீடு கட்டியாக வேண்டும்.

இதற்கு உதாரணம் தேவையென்றால் ங்குசா கார்ல்-இ-போண்ட் போதும். வெளியுறவு அமைச்சராக இருந்தார். 1977-ல் தேசத்துரோகக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மன்னிப்பு. 1979-ல் மறுபடி வெளியுறவு அமைச்சர். 1980-ல் பிரதமர். 1981-ல் பெல்ஜியத்துக்கு ஓட்டம். அங்கிருந்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் மொபுட்டுவின் கொள்ளையைப் பற்றிச் சாட்சியம் சொன்னார், அடுத்த ஆண்டு ஒரு புத்தகமும் எழுதினார். இதற்கு மேல் திரும்பும் வழி உண்டா? 1985-ல் நாடு திரும்பினார். 1986-ல் ஜாயிரின் அமெரிக்கத் தூதர்! சாட்சியம் சொன்ன அதே வாஷிங்டனில். 1991-ல் மறுபடி பிரதமர். கொள்கை, துரோகம் என்ற சொற்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, நாட்டில் சம்பாத்தியத்துக்கு இருந்த ஒரே வாசல் அதிபர் மாளிகையின் வாசல் என்று வைத்துக்கொண்டால் இந்த மனிதரின் வாழ்க்கை நேர்கோடாகத் தெரியும்.

1973 நவம்பர் 30-ம் தேதியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். அன்று மொபுட்டு ஓர் அறிவிப்புச் செய்தார். வெளிநாட்டார் கையிலிருக்கும் கடைகள், தோட்டங்கள், சிறு தொழில்கள் எல்லாம் இனி ஜாயிர்க்காரர்களுக்கே. நாட்டின் பெயர், நதியின் பெயர், மனிதர்களின் பெயர் எல்லாம் அப்போதுதான் மாறியிருந்தன. கோட்டும் டையும் தடை. ஐரோப்பியப் பெயரை விட்டு அவரே மொபுட்டு செசே செக்கோ ஆகியிருந்தார். சுதேசி உணர்ச்சி பொங்கிய காலம். நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. கிரேக்கர், போர்த்துக்கீசியர், லெபனான்காரர், இந்தியர், பாகிஸ்தானியர் கையில்தான் உள்நாட்டு வியாபாரம் இருந்தது. ஆனால் கடையை யாருக்குக் கொடுப்பது? விண்ணப்பித்தவர்களில் வியாபாரம் தெரிந்தவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை. அமைச்சருக்கு ஒரு வரிசைக் கடை, ஜெனரலுக்கு ஒரு காப்பித் தோட்டம், கட்சிப் பிரமுகருக்கு ஒரு கிடங்கு. அதிபரும் தமக்கான தோட்டங்களை எடுத்துக்கொண்டார். அவற்றைச் சேர்த்து அமைத்த செல்சா என்ற நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய முதலாளிகளில் ஒன்றாயிற்று.

புதிய முதலாளிகளில் பலர் கடையைத் திறந்து, இருந்த சரக்கை விற்று, பணத்தை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மறுபடி சரக்கு வாங்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. பழைய கிரேக்க வியாபாரிக்கு வெளியூர் மொத்த வியாபாரி கடனில் சரக்குக் கொடுத்துவந்தான். புதியவனுக்கு யார் கொடுப்பார்கள்? உள்நாட்டுச் சந்தையில் உப்பு, துணி, சோப்பு காணாமல் போயின. விவசாயியின் விளைச்சலை வாங்க லாரி வரவில்லை. 1976-ல் பழைய சொந்தக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பலர் வரவில்லை. பனிப்போர்தான் மொபுட்டுவைக் கெடுத்தது என்று எல்லாவற்றையும் வாஷிங்டன் தலையில் கட்டுபவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கடைச் சாவியைக் கூட்டாளிகளிடம் கொடுக்கச் சொல்லி அமெரிக்கா கேட்கவில்லை. அது அவருடைய சொந்த யோசனை. அவருடைய அரசியலுக்கு அது சரியாகவும் பொருந்தியது. நாட்டுக்குத்தான் பொருந்தவில்லை.

அதே நேரத்தில் செம்பு விலை விழுந்தது. 1974-ன் முற்பகுதியில் உச்சத்தில் இருந்த விலை அடுத்த ஆண்டு பாதிக்கும் கீழே. 1975-ல் அங்கோலா உள்நாட்டுப் போரால் செம்பு கடலுக்குப் போன பெங்குவேலா ரயில் பாதையும் அடைபட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில், விலை என்றைக்கும் இறங்காது என்ற நம்பிக்கையில் ஜாயிர் கடனை வாரி வாங்கியிருந்தது. வாங்கியது என்பதைவிட, கொடுக்க வரிசையில் நின்றார்கள் என்பது பொருத்தம். பெட்ரோல் டாலர்கள் நிரம்பிய ஐரோப்பிய, அமெரிக்க வங்கிகள். தங்கள் நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை பிடித்துத் தரும் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்கள். கின்ஷாசாவுக்குப் பக்கத்தில் மலுக்குவில் இரும்பு ஆலை ஒன்று கட்டினார்கள். அது தன் திறனில் மிகச் சிறிய பகுதியைத் தாண்டி ஒருநாளும் ஓடியதில்லை.

இன்கா–ஷாபா மின்பாதையைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கே காங்கோ நதியின் இன்கா அணையிலிருந்து தென்கிழக்கே, ஷாபா என்று பெயர் மாறியிருந்த கடாங்காவின் சுரங்கம்வரை சுமார் 1,700 கிலோமீட்டருக்கு உயரழுத்த மின்கம்பி. கடாங்காவிலேயே நீர்மின்சாரம் எடுக்க வசதி இருந்தது. அப்புறம் எதற்கு இது? பிரிந்துபோன வரலாறுள்ள மாகாணத்தின் மின் பொத்தான் தலைநகரின் கையில் இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தில் எல்லோருக்கும் கமிஷன் உண்டு என்பது இன்னொன்று. 1973-ல் தொடங்கிய வேலை 1982-ல் முடிந்தது. செலவு நூறு கோடி டாலருக்கு மேல். கம்பி போன வழியெல்லாம் கிராமங்கள்; அவற்றுக்கு வெளிச்சம் கிடையாது. நேர்மின்னோட்டக் கம்பியிலிருந்து வழியில் மின்சாரத்தை இறக்கிக்கொடுக்கும் ஏற்பாட்டைத் திட்டம் போட்டவர்கள் சேர்க்கவே இல்லை. லஞ்சம் எடுத்த தொகையைவிட, லஞ்சத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டம் நாட்டுக்கு அதிகச் செலவு வைக்கும். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் எவ்வளவு கமிஷன் தேறும்?

இப்போது கீழே இறங்கி வருவோம். அமைச்சர் திருடினால் ஆசிரியர் ஏன் காசு கேட்கிறார்?

பணவீக்கம் ஆசிரியரின் சம்பளத்தைத் தின்றுவிட்டது. 1970-களின் இறுதியில் ஓர் அரசு எழுத்தரின் மாதச் சம்பளம் குடும்பத்துக்குச் சில நாள் சாப்பாட்டுக்குத்தான் ஆயிற்று. அந்தச் சம்பளமும் பல நேரம் வந்து சேராது. மேலே இருந்தவர்கள் ஆளில்லாத பெயர்களைச் சேர்த்து வாங்கினார்கள், ஆள் இருந்த பெயர்களுக்கும் கொடுக்காமல் விட்டார்கள். தளபதிகள் சிப்பாய்களின் சம்பளத்தை எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய் சாலையில் ஒரு கயிற்றைக் கட்டித் தடுப்புப் போட்டான். எழுத்தரிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது, அதை வாடகைக்கு விடுவது போல ஒவ்வொரு தாளுக்கும் காசு வாங்கினார். கேட்பதில் மிரட்டல் தொனி இருக்காது. மடேசு யா பானா என்பார்கள் லிங்காலா மொழியில்: பிள்ளைகளுக்கு அவரை வாங்க. கேட்பவருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது கொடுப்பவருக்குத் தெரியும். வசூலில் ஒரு பங்கு மேலதிகாரிக்குப் போகும். அவருக்கு மேலே அவருடைய அதிகாரி. சம்பளம் மேலிருந்து கீழே வருவதற்குப் பதிலாகக் கீழிருந்து மேலே ஏறியது.

பிரிந்துபோயிருந்த தெற்கு கசாய் மாகாணத்தின் அரசியல் சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்று இருந்ததாக ஜாயிரில் ஒரு பேச்சு உண்டு. உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்பதுதான் அந்தப் பிரிவாம். ஜாயிர் முழுதும் பதினைந்தாம் பிரிவின்கீழ் வாழ்ந்தது. பல குடும்பங்கள் எல்லை தாண்டிக் காப்பி கடத்தின, வைரம் தோண்டின, தோட்டம் போட்டன. மானுடவியலாளர் ஜேனட் மெக்காஃபி அங்கே களஆய்வு செய்து காட்டியது போல, கணக்கில் வராத அந்தப் பொருளாதாரம்தான் மக்களைக் காப்பாற்றியது. இந்த இடத்தில் கொள்ளையையும் பிழைப்பையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் மேலே இருந்தவர்களுக்கு அப்படி அழைப்பதில் லாபம் இருந்தது. எல்லோரும் கை நீட்டியவர்கள் என்றால் யார் யாரைக் கேட்பது?

மொபுட்டுவுக்கு இதெல்லாம் தெரியாததா? 1976 மே மாதம் கின்ஷாசா ஸ்டேடியத்தில் பேசும்போது, திருடுவதாயிருந்தால் கொஞ்சமாக, சாமர்த்தியமாகத் திருடுங்கள், ஒரே இரவில் பணக்காரராகும் அளவுக்குத் திருடினால் பிடிபடுவீர்கள் என்ற பொருளில் புத்தி சொன்னார். அடுத்த ஆண்டு நவம்பரில், நம் நாட்டில் எல்லாமே விற்பனைக்கு, எல்லாவற்றையும் வாங்கலாம், கையில் துளி அதிகாரம் இருப்பவன் அதைக் காசாக்குகிறான் என்று ஒரு நீண்ட உரையில் சாடினார். எந்த எதிர்க்கட்சிக்காரரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. எதிர்க்கட்சி அங்கே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1977-ல் கடாங்காப் போராளிகள் அங்கோலாவிலிருந்து படையெடுத்து வந்தார்கள். மொபுட்டுவின் ராணுவம் சிதறியது. பிரெஞ்சு விமானங்களில் வந்த மொராக்கோ வீரர்கள் காப்பாற்றினார்கள். 1978 மே மாதம் இன்னொரு படையெடுப்பு. கொல்வேசி நகரத்தை மீட்க பிரெஞ்சு அந்நியப் படையின் பாராசூட் வீரர்கள் குதிக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தவர்தான் நம் ப்ளூமென்தால். மேற்கு நாடுகள் ஒரு கையால் அந்த ஆட்சியைத் தூக்கி நிறுத்திவிட்டு, மறு கையால் கணக்குப் புத்தகத்தை நீட்டின. எந்தக் கைக்கு வலு அதிகம் என்று மொபுட்டுவுக்குத் தெரியும்.

1982 அறிக்கைக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். கடன் நிற்கவில்லை. அங்கோலாவில் இடதுசாரி அரசு. அதை எதிர்த்த சவிம்பியின் படைக்கு அமெரிக்க ஆயுதம் போகும் வழி ஜாயிரின் கமினா விமானதளம். 1983-ல் நாணயத்தின் மதிப்பைப் பெருமளவு குறைத்ததும் நிதியத்திடமிருந்து புதிய கடன் வந்தது. மக்கள் வாங்கும் அரிசிக்கு விலை ஏறியது. பழைய கடனைக் கட்டத் தவணை மாற்றித் தரும் கூட்டம் பாரிசில் திரும்பத் திரும்ப நடந்தது. 1987-ல் நிதியத்தின் மூத்த அதிகாரி டேவிட் ஃபின்ச், அமெரிக்க நிர்ப்பந்தத்தால் கடன்கள் கொடுக்கப்படுவதைக் கண்டித்துப் பதவி விலகினார். அப்படி விலகியவர்கள் அபூர்வம். 1989 ஜூனில், புதிதாக அதிபராகியிருந்த ஜார்ஜ் புஷ் மொபுட்டுவை வெள்ளை மாளிகையில் வரவேற்றார்.

அந்த ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. அவரிடம் விற்க இருந்த ஒரே சரக்குக்கு அதோடு விலை போயிற்று. 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு கமோட்டோ சுரங்கம் இடிந்து விழுந்தது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் எத்தனை ஆண்டு வெட்டுவது? எண்பதுகளில் ஆண்டுக்கு நாலரை லட்சம் டன்னுக்கு மேல் செம்பு தந்த ஜெக்காமின், தொண்ணூறுகளின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. பங்கு போடப் பணம் இல்லாதபோது நோட்டு அடித்தார்கள். 1991 செப்டம்பரில் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். 1993 ஜனவரியில், ஐம்பது லட்சம் ஜாயிர் நோட்டு செல்லாது என்று எதிர்த்தரப்புப் பிரதமர் ஷிசெகேடி சொல்ல, அந்த நோட்டில் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள் மறுபடி சூறையாடினார்கள். பிரெஞ்சுத் தூதர் குண்டடிபட்டு இறந்தார். பள்ளிக்கூடங்களைப் பெற்றோர்களே காசு சேர்த்து, திருச்சபைகளின் உதவியோடு நடத்தத் தொடங்கினார்கள். ஆசிரியருக்கு அவர்கள் கொடுத்த பணத்தை லஞ்சம் என்பதா, கல்விக் கட்டணம் என்பதா, வரி என்பதா என்று அந்த நாட்டில் யாரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை.

1997 மே 16 அன்று மொபுட்டு கின்ஷாசாவை விட்டு ஓடினார். பாடோலிட்டேயிலிருந்து சரக்கு விமானத்தில் கிளம்பியபோது அவருடைய சொந்தச் சிப்பாய்களே விமானத்தைச் சுட்டார்கள். செப்டம்பர் 7 அன்று மொராக்கோவில் புற்றுநோயில் இறந்தார். அவர் சேர்த்துவைத்தது ஐந்நூறு கோடி டாலர் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்ட கணக்குகளில் கிடைத்தது எழுபத்தேழு லட்சம் பிராங்க். சட்டப்படி காலம் கடந்துவிட்டதால் 2009-ல் அதுவும் குடும்பத்துக்கே திரும்பியது. மீதியைத் தேடுபவர்கள் வங்கிப் பெட்டகங்களில் தேடுகிறார்கள். பெரும்பகுதி முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சியின் நடப்புச் செலவாகவே போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஊழலை ஒழிப்பேன் என்று கிழக்கிலிருந்து படையோடு வந்தவர் லோரான் கபிலா. 1997 ஏப்ரல் 9 அன்றே லுபும்பாஷி அவர் கைக்கு வந்திருந்தது. அதே மாதம், செம்பு, கோபால்ட் திட்டங்களுக்காக அமெரிக்கன் மினரல் ஃபீல்ட்ஸ் என்ற சிறு கம்பெனியோடு சுமார் நூறு கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. படைத்தலைவர் போய்வர அந்தக் கம்பெனியின் ஜெட் விமானம் கிடைத்தது. கின்ஷாசா விழ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

(தொடரும்)